தந்தையின் பெயர் இல்லாத ஒரு பதிவு: டைடோ எலிசபெத் பெல்லின் குடும்பத் தடம்

லண்டன் புளூம்ஸ்பரியில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1766 நவம்பர் 20 என்று தேதியிட்ட ஒரு வரி இருக்கிறது. பெல் என்பவருக்கும் அவர் மனைவி மரியாவுக்கும் பிறந்த, ஐந்து வயதான டைடோ எலிசபெத் என்ற பெண் குழந்தைக்கு அன்று ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாக அந்த வரி சொல்கிறது. இங்கிலாந்துக் குடும்ப வரலாறுகளைத் தேடுபவர் இப்படி ஒரு வரியைக் கண்டால், தந்தை பெல், தாய் மரியா, பிறந்த ஆண்டு ஏறத்தாழ 1761 என்று தம் வம்சாவளி அட்டவணையில் எழுதிக்கொண்டு அடுத்த தலைமுறையைத் தேடப் போய்விடுவார். இந்தக் குழந்தையின் விஷயத்தில் அவ்வாறு எழுதிக்கொண்டவர் முதல் படியிலேயே வேறொரு குடும்பத்துக்குள் போயிருப்பார். அந்தக் குழந்தையின் தந்தை பெல் என்ற பெயருடையவர் அல்லர். அவர் பிரித்தானியக் கடற்படைக் கப்பல் தலைவர் ஜான் லிண்ட்சே. மரியா அவருடைய மனைவியும் அல்லர். அடிமையாக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் பெண் அவர்.

ஆலயப் பதிவேடு, உயில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகிய மூன்று வகை ஆவணங்களும் ஒரு குடும்பத்தைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாமல் விடும், எங்கே தவறான ஆளிடம் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இந்தக் குடும்பத்தைப்போலத் தெளிவாகக் காட்டும் நேர்வு குறைவு. இதன் ஒரு கிளை மதராஸ் படை வரை வந்தது என்பதால் தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் தொலைவான கதையும் அன்று. பெயர் ஒத்துப்போவது ஆளை உறுதிசெய்யாது, ஒவ்வொரு ஆவணத்தையும் அது யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது என்று கேட்ட பிறகே சான்றாக ஏற்க வேண்டும் என்பதே இந்த ஆய்வில் நான் நிறுவ முயல்வது.

அறிந்த சட்டகம் இது. டைடோவை வளர்த்தவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் மரே, முதலாம் மான்ஸ்ஃபீல்டு பிரபு. லிண்ட்சேயின் தாய் அவருடைய உடன்பிறந்தவர் ஆதலால், மான்ஸ்ஃபீல்டு லிண்ட்சேக்குத் தாய்மாமன். மக்கட்பேறு இல்லாத மான்ஸ்ஃபீல்டு தம்பதியர் புளூம்ஸ்பரி சதுக்கத்திலிருந்த நகர வீட்டிலும் ஹாம்ப்ஸ்டெட்டை அடுத்த கென்வுட் மாளிகையிலும் இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்தனர். ஒருத்தி உறவினர் மகளான எலிசபெத் மரே. மற்றவர் டைடோ. இருவரும் சேர்ந்து இருக்கும் ஓவியம் இன்று ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் உள்ளது.

ஆலயப் பதிவேடு சொல்வதும் மறைப்பதும்

இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்திலும்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்ற ஆணை 1538-ஆம் ஆண்டு தாமஸ் கிராம்வெல் காலத்தில் பிறந்தது. ஆனால் ஞானஸ்நானப் பதிவுக்கென அச்சிட்ட படிவம் 1813-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தந்தையின் தொழில், வசிக்கும் இடம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் ஏற்பட்டது அப்போதுதான். அதற்கு முன் என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தந்தப் போதகரின் அல்லது எழுத்தரின் வழக்கத்தைப் பொறுத்தது. 1766-ஆம் ஆண்டுப் பதிவு ஒற்றை வரியில் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம். அந்த வரியில் தொழில் இல்லை, வசிப்பிடம் இல்லை, நிறம் பற்றிய குறிப்பும் இல்லை.

பெல் என்ற ஆணை அந்த எழுத்தர் எங்கிருந்து கொண்டுவந்தார்? பிற்கால ஆவணம் ஒன்று தாயையே மரியா பெல் என்று குறிப்பிடுகிறது. ஆகவே பெல் என்பது தாயிடமிருந்து வந்த பெயர். பதிவேட்டின் வழக்கமான வாக்கியம் 'இன்னாருக்கும் அவர் மனைவிக்கும் பிறந்த' என்று அமைவதால், குழந்தைக்கு இருந்த ஒரே குடும்பப்பெயரை எடுத்துத் தந்தை நிற்க வேண்டிய இடத்தில் வைத்து எழுத்தர் அந்த வாக்கியத்தை நிறைவுசெய்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று வெளிப்படையாக எழுதும் வழக்கம் பல பங்குகளில் இருந்தபோது, இங்கே அது தவிர்க்கப்பட்டிருக்கிறது. நாட்டின் தலைமை நீதிபதி வீட்டுக் குழந்தை என்பது அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். எப்படியாயினும் பதிவேட்டில் கணவனும் மனைவியும் என்று எழுதப்பட்டிருப்பதை மட்டும் வைத்து ஒரு திருமணம் நடந்ததாக முடிவுசெய்யக் கூடாது.

அந்த வரியில் நம்பத்தகுந்ததாக எஞ்சுவது மூன்று: குழந்தையின் பெயர், தாயின் பெயர், வயது. வயது துல்லியமானது என்று கொண்டால் 1760 நவம்பர் பிற்பகுதிக்கும் 1761 நவம்பருக்கும் இடையே பிறப்பு நிகழ்ந்திருக்கிறது. சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கணக்கு அடுத்த பகுதியில் ஒரு கதையையே சோதிக்கும் கருவியாகிறது.

தாய் மரியா

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் 1779 ஆகஸ்டில் கென்வுட் மாளிகைக்கு விருந்துக்குச் சென்றார். அங்கே டைடோவைக் கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். லிண்ட்சே ஒரு ஸ்பானியக் கப்பலில் டைடோவின் தாயைச் சிறைப்பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்றும், கருவுற்றிருந்த அவர் இங்கே இந்தப் பெண்ணைப் பெற்றார் என்றும் அவர் கேள்விப்பட்டதை அதில் பதிந்திருக்கிறார். டைடோவைப் பற்றி அவர் எழுதியதில் இளக்காரம் நிறைய இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டுக்குள் நேரில் வந்து போன ஒருவரின் குறிப்பு என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது.

இருந்தும் அதைக் காலவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன் ஸ்பெயின்மீது போர் அறிவித்தது 1762 ஜனவரி 4 அன்று. லிண்ட்சே பங்கேற்ற ஹவானா முற்றுகை அதே ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடந்தது. ஞானஸ்நானப் பதிவின்படி குழந்தையோ 1761-க்குள் பிறந்துவிட்டது. எனவே மரியா ஹவானாவில் பிடிபட்டார் என்று பலரும் திருப்பிச் சொல்லிவரும் செய்தி பதிவேட்டோடு பொருந்தவில்லை. போர் தொடங்குவதற்கு முன்பே ஒரு ஸ்பானியக் கப்பல் பிடிபட்டதாகக் கொள்வதும் எளிதன்று. பதிவேட்டின் வயது தவறு, அல்லது ஹட்சின்சன் கேட்ட கதை திரிந்தது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். குழந்தையை வளர்த்தவர்கள் ஆலயத்தில் நேரில் சொன்ன வயதை, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தினர் செவிவழியாகக் கேட்ட கதையைவிட வலிமையான சான்றாக நான் கொள்கிறேன்.

மரியாவைப் பற்றிய உறுதியான தாள் அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தது. மேற்கு ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரம் 1763-க்குப் பிறகு பிரித்தானியர் வசம் வந்தபோது லிண்ட்சே அங்கே நிலம் பெற்றிருந்தார். 1774-ஆம் ஆண்டுப் பத்திரங்களில் அவர் அந்நிலத்தை மரியா பெல்லின் பெயருக்கு மாற்றுகிறார். மரியாவின் விடுதலையும் எழுத்தில் பதிவாகிறது. அதற்கு விலையாக 200 ஸ்பானிய டாலர் குறிக்கப்பட்டிருக்கிறது. பென்சகோலாவைச் சேர்ந்தவர், இப்போது லண்டனில் இருப்பவர், வயது ஏறத்தாழ 28 என்று அந்தப் பத்திரம் மரியாவை அடையாளப்படுத்துகிறது. இந்த வயது தோராயமானதுதான். ஆனாலும் அதை ஒப்புக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், மகளைப் பெற்றபோது மரியாவுக்குப் பதினைந்து வயதளவே ஆகியிருந்தது என்ற முடிவுக்கு வருகிறோம். கப்பல் தலைவருக்கும் சிறைப்பட்ட பெண்ணுக்கும் இடையே மலர்ந்த காதல் என்று இதைச் சொல்ல விரும்புவோர் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

குடும்ப வரலாற்று ஆய்வில் நிலப் பத்திரங்கள் இரண்டாந்தர ஆவணங்களாகவே நடத்தப்படுகின்றன. இங்கே அவை இல்லாவிட்டால், லண்டன் பதிவேட்டின் மரியாவுக்கு ஒரு குடும்பப்பெயரோ வயதோ ஊரோ கிடைத்திருக்காது. மகளுக்கு ஞானஸ்நானம் ஆகி எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் தாய் உயிரோடு, அதுவும் லண்டனில் இருந்தார் என்பதும் தெரிந்திருக்காது. தாய் இல்லாத குழந்தை என்று டைடோவைப் பற்றிக் கற்பனை செய்யும் எந்த வரலாற்றுக்கும் இந்தத் தாள் மறுப்பாக நிற்கிறது.

உயில்கள்: ஒரே பெயர், இரண்டு பெண்கள்

1858 ஜனவரி வரை இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பித்தவை ஆலய நீதிமன்றங்கள். செல்வந்தர்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குச் சென்றன. அவற்றின் பதிவுப் படிகள் இன்று லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன்பின் வந்தவை உயில்களை மெய்ப்பிக்கும் அரசின் புரோபேட் நீதிமன்றத்தைச் சார்ந்தவை. அவற்றுக்கு ஆண்டுதோறும் அச்சிட்ட பட்டியல் உண்டு. டைடோவின் வாழ்க்கையை இந்த உயில்களே பெருமளவு நமக்குக் காட்டுகின்றன.

மான்ஸ்ஃபீல்டு பிரபு 1780-களின் தொடக்கத்தில் எழுதிய உயிலில் டைடோ எலிசபெத் பெல்லின் சுதந்திரத்தை உறுதிசெய்கிறார். ஆண்டுக்கு 100 பவுண்டு ஆயுள் முழுவதும் கிடைக்கவும் வழிசெய்கிறார். பிறகு சேர்த்த பிற்சேர்க்கைகளில், அவர் வளர்ந்த விதத்தையும் நடந்துகொண்ட முறையையும் கருதி இன்னும் நல்ல ஏற்பாடு செய்வதே முறை என்று கூறி, மொத்தம் 500 பவுண்டு வரும்படி தொகை ஒதுக்குகிறார். 1793 மார்ச்சில் மான்ஸ்ஃபீல்டு இறந்ததும் இந்த உயில் நடைமுறைக்கு வந்தது. அதே உயிலில் எலிசபெத் மரேக்கு ஒதுக்கிய தொகை 10,000 பவுண்டு. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த இருவருக்கிடையே இருந்த இடைவெளியை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டவில்லை.

சுதந்திரத்தை உறுதிசெய்யும் அந்த வாசகத்தைப் படிக்கும்போது, அதை எழுதியவரே 1772 ஜூன் 22 அன்று சாமர்செட் வழக்கில் தீர்ப்பளித்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் அடிமையை வலுக்கட்டாயமாக நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பு. அடிமை நிலையே இங்கிலாந்தில் ஒழிந்தது என்று அது சொல்லவில்லை. தம் தீர்ப்பு எங்கே முடிகிறது என்பதை நன்கறிந்த நீதிபதி, தம் மரணத்துக்குப் பிறகு யாரும் கேள்வி எழுப்பாதபடி அந்தப் பெண்ணுக்கு ஒரு சட்டபூர்வக் காப்பை எழுதிவைத்தார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். அதுவரை டைடோ அந்த வீட்டில் அடிமையாக நடத்தப்பட்டார் என்பதற்கு இந்த வரி சான்று ஆகாது. கென்வுட் வீட்டுக் கணக்கேடுகளில் அவருக்குக் காலாண்டுப் படியாக 5 பவுண்டும், பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் தனிப் பரிசுத் தொகையும் கொடுக்கப்பட்டது எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டிலேயே வாழ்ந்த உறவினரான மார்ஜரி மரே 1799-இல் இறந்தபோது தம் உயிலில் டைடோவுக்கு 100 பவுண்டு விட்டுச் சென்றார்.

இந்த நேர்வின் மிகப் பெரிய பொறி தந்தையின் உயிலில் இருக்கிறது. லிண்ட்சே 1788 ஜூன் 4 அன்று இறந்தார். தம் பிள்ளைகளாகக் கருதப்படும் ஜான், எலிசபெத் லிண்ட்சே ஆகிய இருவருக்குமாக 1,000 பவுண்டை அவர் உயிலில் ஒதுக்கியிருந்தார். டைடோவின் இரண்டாம் பெயர் எலிசபெத். லிண்ட்சே இறந்த சில நாட்களில் வெளியான லண்டன் செய்தித்தாள் குறிப்பு, அவருக்குச் சட்டபூர்வ வாரிசு இல்லை என்றும், மான்ஸ்ஃபீல்டு குடும்பத்தில் வளர்ந்த கலப்பினப் பெண் ஒருவரே அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் என்றும் எழுதியது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள், உயிலின் எலிசபெத் டைடோவே என்றும், ஜான் அவருக்கு உடன்பிறந்தவர் என்றும் நெடுங்காலம் எழுதிவந்தனர். பார்வைக்கு இது மிகவும் நியாயமான முடிவு. தந்தை ஒருவர், பெயர் ஒன்று, காலமும் ஒன்று.

ஜமைக்காவின் ஆலயப் பதிவேடுகள் இந்த முடிவைக் கலைத்துவிட்டன. லிண்ட்சே கரீபியன் கடலில் பணியாற்றிய காலத்தில் வெவ்வேறு பெண்களிடம் அவருக்குப் பிறந்த வேறு பிள்ளைகளும் அங்கே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 1760-களின் நடுப்பகுதியில் பிறந்த ஓர் எலிசபெத் லிண்ட்சேயும் ஒரு ஜான் லிண்ட்சேயும் உண்டு. அந்த எலிசபெத் பின்னாளில் எடின்பரோ புத்தக வணிகர் பீட்டர் ஹில்லை மணந்தார். கவிஞர் ராபர்ட் பர்ன்சின் நண்பர் என்ற முறையில் ஹில்லின் வாழ்க்கை நன்கு பதிவாகியுள்ளது. அவர் மனைவி லிண்ட்சேயின் மகள் என்ற செய்தியும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஆக, ஒருவர் லண்டனில் டைடோ எலிசபெத் பெல்லாகவும் இன்னொருவர் ஸ்காட்லாந்தில் எலிசபெத் ஹில்லாகவும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஜமைக்காப் பதிவேடு கிடைக்காமல் போயிருந்தாலும் உயிலை மட்டும் கூர்ந்து படித்து ஐயத்தை எழுப்பியிருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. அவர்களுக்கு எதையேனும் விட்டுச்செல்ல விரும்புபவர், யாரும் ஐயுற முடியாதபடி அவர்கள் அறியப்பட்ட பெயரால் உயிலில் குறிப்பிட்டாக வேண்டும். 1780-களின் ஆவணங்கள் எல்லாவற்றிலும் அவர் டைடோவாகவும் பெல்லாகவும் இருக்கிறார். லிண்ட்சே என்ற குடும்பப்பெயரை அவர் எங்கும் பயன்படுத்தவில்லை. அவரைக் கருதி எழுதிய சட்ட ஆவணத்தில் எலிசபெத் லிண்ட்சே என்று தந்தை எழுதியிருந்தால், அந்தக் கொடையைப் பெறுவதே அவருக்குக் கடினமாகியிருக்கும். செய்தித்தாள் ஒரே மகள் என்று சொன்னது லண்டனில் அறியப்பட்ட ஒரே மகளைத்தான். கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் அந்தச் செய்தியாளரின் பார்வைக்கு வரவில்லை.

இந்தத் திருத்தத்தால் வந்த முடிவு கசப்பானது. தந்தையின் உயிலில் டைடோவுக்கு எதுவும் இல்லை. மான்ஸ்ஃபீல்டு பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் உயிலில் எழுதப்படாத காரணத்தை ஆய்வாளர் ஊகம் என்ற பெயரோடு மட்டுமே தர வேண்டும்.

மான்ஸ்ஃபீல்டு குடும்பத்தின் தனிப்பட்ட தாள்களில் இதற்கு விடை இருந்திருக்கக்கூடும். 1780 ஜூனில் நடந்த கார்டன் கலவரத்தின்போது புளூம்ஸ்பரி சதுக்க வீட்டைக் கும்பல் தீயிட்டுக் கொளுத்தியது. அவருடைய நூலகமும் கையெழுத்துத் தாள்களும் அதில் அழிந்தன. டைடோவின் முதல் பத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி நம்மிடம் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இந்தத் தீயும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருமணமும் பிள்ளைகளும்

1793 டிசம்பர் 5 அன்று, மான்ஸ்ஃபீல்டு மறைந்து ஒன்பது மாதங்களுக்குள், ஹானோவர் சதுக்கத்துச் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் டைடோ எலிசபெத் பெல் ஜான் டேவினியரை மணந்தார். டேவினியர் பிரெஞ்சுக்காரர். செல்வந்தர் வீட்டு நிர்வாகியாகப் பணியாற்றியவர். 1754-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று விதித்திருந்ததால், இந்தக் காலத் திருமணப் பதிவுகள் ஞானஸ்நானப் பதிவுகளைவிடச் செறிவானவை. அந்த ஆலயத்தின் பதிவேட்டிலேயே 1795 மே 8 அன்று சார்லஸ், ஜான் என்ற இரட்டைக் குழந்தைகளின் ஞானஸ்நானமும், 1802 ஜனவரி 26 அன்று வில்லியம் தாமஸின் ஞானஸ்நானமும் இருக்கின்றன. இரட்டையரில் ஜான் சிறு வயதிலேயே இறந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. 1804 ஜூலையில் டைடோ காலமானார். பேஸ்வாட்டர் சாலையை ஒட்டிய, அந்தப் பங்குக்கு உரிய செயின்ட் ஜார்ஜ் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் அந்த நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன.

டேவினியர் என்ற பெயர் அரிதானது. அது ஆய்வாளருக்கு வாய்த்த பெரும் உதவி. அக்கால ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் பொதுவாக இராது. கணவன் ஜான் ஸ்மித்தாக இருந்திருந்தால், அதே ஆலயத்தில் அதே ஆண்டில் பிள்ளை பெற்ற பல ஜான் ஸ்மித்களில் இவரைப் பிரித்தறிவதே பெரும்பாடாகியிருக்கும். அரிய பெயருக்கு வேறொரு தொல்லை உண்டு. அயல்மொழிப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்தர்கள் டேவினியர், டேவினியரே, டாவினியர் எனப் பலவாறு எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் பதிவேடுகளுக்குச் சுட்டி (அகரவரிசைப் பெயர்ப் பட்டியல்) தயாரித்தவர்கள் அவற்றை மேலும் திரித்திருக்கிறார்கள். சுட்டியில் இல்லை என்பதைக் கொண்டு பதிவேட்டில் இல்லை என்று முடிவுகட்டாமல், ஆண்டு தெரிந்த இடங்களில் பதிவேட்டின் பக்கங்களையே வரிவரியாகப் பார்ப்பதுதான் பாதுகாப்பான வழி.

மதராஸ் படையும் கணக்கெடுப்பும்

மூத்த மகன் சார்லஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியானார். வில்லியம் தாமஸும் அதே கம்பெனியில் பணிபுரிந்தார். இவர்களுக்கு முன்பே இந்தக் குடும்பத்துக்கு மதராசோடு ஒரு தொடர்பு இருந்தது. பாட்டனார் லிண்ட்சே 1769 முதல் 1772 வரை கிழக்கிந்தியக் கடற்பகுதியில் கடற்படைத் தலைவராகவும், ஆற்காடு நவாப் முகமது அலியிடம் மன்னரின் தூதராகவும் இருந்தவர். மதராசிலிருந்த கம்பெனி நிர்வாகத்துக்கும் அவருக்கும் கடும் பூசல் ஏற்பட்டு, கடைசியில் அவர் திருப்பி அழைக்கப்பட்டார்.

கம்பெனிப் படையில் பயிற்சி அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தவர் தம் வயதை மெய்ப்பிக்க ஞானஸ்நானச் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத் தாள்கள் லண்டனில் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. ஆலயப் பதிவேட்டின் குழந்தையும் படைப்பட்டியலின் அதிகாரியும் ஒருவரே என்று இணைப்பதற்கு இதைவிட உறுதியான கண்ணி அமையாது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தவர்களைக் கம்பெனி 1791-இல் தன் உயர்பணிகளிலிருந்து விலக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்கப் பாட்டியின் பேரன் ஒருவர் அதே காலகட்டத்துக்குப் பின் அதே படையில் அதிகாரியாக இருந்தார் என்பதையும், அந்தச் சான்றிதழில் நிறத்துக்கென்று இடமே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டதால், கம்பெனி அதிகாரிகளின் குடும்பங்களைத் தேடுவோர் அவற்றையும் அதே நூலகத்தில் பார்க்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் குடும்பத்துக்கு மிகவும் தாமதமாக வந்து சேர்கிறது. இங்கிலாந்தின் முதல் கணக்கெடுப்பு 1801-இல் நடந்தபோது டைடோ உயிரோடுதான் இருந்தார். ஆனால் அது வீடுகளையும் தலைகளையும் எண்ணியதே தவிரப் பெயர்களைக் கேட்கவில்லை. ஆட்களைப் பெயர் பெயராக நாடு முழுவதும் எழுதியது 1841 ஜூன் 6 அன்றைய கணக்கெடுப்பில்தான். அதிலும் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தது. பிறந்த இடத்துக்கு அதே மாவட்டமா, இல்லையா என்பதே கேள்வி. வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பது கேட்கப்படவில்லை. 1851 மார்ச் 30 அன்றைய கணக்கெடுப்பில்தான் உறவுமுறை, திருமண நிலை, பிறந்த பங்கு ஆகிய மூன்றும் வந்தன.

சார்லஸ் 1836-இல் கென்சிங்டனில் திருமணம் செய்துகொண்டு, பிற்காலத்தில் நாட்டிங் ஹில்லில் வாழ்ந்து, 1873-இல் இறந்தார். ஆகவே 1851 முதல் 1871 வரையிலான கணக்கெடுப்புகளே இந்தத் தலைமுறைக்குரியவை. இத்தகைய ஒருவரைத் தேடும்போது பிறந்த இடம் என்ற பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1795-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் ஹானோவர் சதுக்கப் பங்கோடு அது பொருந்துகிறதா என்பதே ஆள் இவர்தான் என்பதற்கான சோதனை. நாம் பார்ப்பது பெரும்பாலும் வீட்டார் நிரப்பிய தாளும் அன்று. கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் அதைப் பார்த்து எழுதிய படிதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டாரின் சொந்தக் கையெழுத்தை 1911-ஆம் ஆண்டு முதலே காண முடியும். இறப்புக்குப் பின் 1873-ஆம் ஆண்டுப் புரோபேட் பட்டியலைப் பார்க்க வேண்டும். அத்தகைய பட்டியல் இறந்தவரின் பதவி, வசிப்பிடம், இறந்த தேதி, உயிலை நிறைவேற்றுபவரின் பெயர், சொத்து மதிப்பு ஆகியவற்றை ஒரே பத்தியில் தருகிறது. 1796 முதல் 1903 வரையிலான மரண வரிப் பதிவேடுகளையும் இதோடு சேர்க்க வேண்டும். உயில் யாருக்கு என்ன கொடுக்கச் சொன்னது என்று கூறும். வரிப் பதிவேடோ உண்மையில் யார் பெற்றார், இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதை வரி அலுவலகத்தின் கறார்த்தனத்தோடு கூறும்.

இந்தக் கணக்கெடுப்புகள் எதிலும் இனத்துக்கோ நிறத்துக்கோ பத்தி இல்லை. இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் இனக்குழு பற்றிய கேள்வி முதன்முதலாக வந்தது 1991-இல். ஆகவே சார்லஸ் டேவினியரின் வீட்டுப் பதிவை மட்டும் படிப்பவருக்கு ஓய்வுபெற்ற படை அதிகாரியின் ஆங்கிலக் குடும்பம் ஒன்றுதான் தெரியும். மரியாவின் தடம் அந்தப் பக்கத்தில் எங்கும் இராது. பதிவேட்டிலிருந்து முன்னோக்கி வந்தவரால் மட்டுமே அந்தக் குடும்பத்தை அடையாளம் காண முடியும். கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிப் போகிறவர் 1766-ஆம் ஆண்டின் ஒற்றை வரியில் பெல் என்ற மனிதரைச் சந்தித்து அங்கேயே நின்றுவிடுவார். குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பின்னோக்கிப் போ என்றுதான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அந்த விதி பொதுவாகச் சரியே. ஆனால் அடிமைமுறை ஊடறுத்த குடும்பங்களில் இருபுறமிருந்தும் வந்து நடுவில் இணைத்தால்தான் தொடர்ச்சி கிடைக்கிறது.

சார்லஸின் கிளையில் வந்த, டைடோவின் எள்ளுப்பேரன் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து 1975-இல் பிள்ளையின்றி இறந்தார். டைடோவின் அறியப்பட்ட வழித்தோன்றல்களில் அவரே கடைசி. அந்த நாட்டின் 1950-ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்து எழுதியது. லண்டன் ஆவணங்கள் இரண்டு நூற்றாண்டுகளாகக் கேட்காத கேள்வியை முதன்மையாகக் கேட்ட அந்தப் பதிவேட்டில் அவர் வெள்ளையர்.

லிண்ட்சேயின் பிற பிள்ளைகளின் கிளைகள் இங்கே ஆராயப்படவில்லை. எடின்பரோவின் எலிசபெத் ஹில் வழியில் தம் குடும்பம் வந்ததாகக் கருதுவோர், டைடோவின் பெயரைத் தம் வம்சாவளியில் நேர் முன்னோராக எழுதியிருந்தால், அதைத் தந்தைவழியில் வேறு தாய்க்குப் பிறந்த சகோதரி என்று மாற்றி எழுத வேண்டும். 1788-ஆம் ஆண்டு உயிலையும் ஜமைக்கா பதிவேட்டையும் ஒருங்கே மேற்கோளாக வைத்தால் அந்தத் திருத்தம் நிற்கும்.